மணமேற்றிய தேயிலையும் மூலிகைத் தேநீரும்: ருசித்து ஒப்பிடப் பழகுவது எப்படி?

வாசனைத் தேயிலை டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணத்துக்கும், அதை ஊறவைத்துக் குடித்தால் வாயில் கிடைக்கும் ருசிக்கும் பல நேரம் சம்பந்தமே இருப்பதில்லை. டப்பாவுக்குள் ஸ்ட்ராபெர்ரியும் வனிலாவும் கமகமக்கும். கோப்பையில் புளிப்பு மட்டும் வந்து உட்காரும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உலர்ந்து ஏனோதானோவென்று கிடக்கும் கெமோமில் பூ, வெந்நீர் பட்டதும் ஆப்பிளை நினைவுபடுத்தும் மணத்தை விடும். இந்த இடைவெளியைக் கவனிக்கப் பழகினால் ருசிபார்ப்பதில் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஒப்பிடும் கோப்பைகளுக்கு நடுவே ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறும்படி பார்த்துக்கொள்வது. கூர்மையான நாக்கு பிறவியிலேயே வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒழுங்காக அளந்தால் சாதாரண நாக்கே போதும்.

கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

கறுப்பு, பச்சை, வெள்ளை, ஊலாங் எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தான்; பறித்த பிறகு பக்குவப்படுத்தும் முறையில்தான் வேறுபாடு. மூலிகைத் தேநீரில் அந்த இலை இருக்காது. கெமோமில், புதினா, எலுமிச்சைப்புல், சுக்கு, ஹிபிஸ்கஸ், தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ரூயிபோஸ் எல்லாம் இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவற்றில் காஃபின் கிடையாது. தென்னமெரிக்காவின் யெர்பா மாத்தே விதிவிலக்கு, அதில் நன்றாகவே உண்டு. இரவில் ருசிபார்க்க உட்காருபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து, மணம் எப்படி ஏறியது என்பது. நான்கு வழிகள் சொல்லலாம். முதலாவது, இலையையே பூவோடு படுக்க வைப்பது. நல்ல மல்லிகைத் தேயிலை இப்படித்தான் உருவாகிறது: மல்லிகை மொட்டுகளைப் பகலில் பறித்து, மாலைக்கு மேல் அவை விரியும்போது தேயிலையோடு கலந்து வைப்பார்கள், இலை மணத்தை இழுத்துக்கொண்டதும் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். புதுப்பூ போட்டுப் போட்டு இதைப் பல முறை செய்தால் தரம் கூடும். ஆகவே டப்பாவில் மல்லிகை இதழ் நிறையக் கிடக்கிறது என்பதற்காக மணம் தூக்கலாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டாவது, புகையூட்டல், சீனாவின் வூயி மலைப்பகுதியில் தோன்றிய லாப்சாங் சூசோங் பைன் மரப்புகையில் உலர்த்தப்படுவது. மூன்றாவது, எண்ணெயோ செயற்கை வாசனையோ தெளிப்பது. ஏர்ல் கிரே இதற்குப் பெயர்போன உதாரணம். அதன் மணம் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய், அந்தப் பழம் பெரும்பாலும் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில் விளைகிறது. நான்காவது, ஏலம், பட்டை, உலர்ந்த பழத்துண்டு, தோல், பூ என்று எதையாவது இலையோடு கலந்துவிடுவது.

இந்த நான்காவது வழியில்தான் கண் நம்மை ஏமாற்றும். தேயிலைக்கு நடுவே மின்னும் நீல கார்ன்ஃப்ளவர் இதழ் அழகுக்குப் போட்டது. சங்குப்பூவும் ஏறக்குறைய அப்படித்தான்: கண்ணைப் பறிக்கும் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா, நாக்குக்கு மட்டும் பெரிதாக ஒன்றுமில்லை. உலர்ந்த ஸ்ட்ராபெர்ரித் துண்டும் சில நிமிட வெந்நீரில் தன் பெயருக்கேற்ற ருசியைத் தராது. அதை வாசனைத் தெளிப்புதான் தருகிறது.

அதனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல நாடுகளில் எடை அதிகமான பொருளை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். 'காட்டுப்பழம்', 'மாம்பழம்', 'பீச்' என்று வெவ்வேறு பெயரில் வரும் பழத் தேநீர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், முதல் மூன்று இடங்களில் ஹிபிஸ்கஸ், ஆப்பிள் துண்டு, ரோஜாக்காய் என்று அதே ஆட்கள் திரும்பத் திரும்ப நிற்பார்கள். நான்கு பொட்டலம் வாங்கி ஒரே புளிப்பை நான்கு முறை குடிப்பதில் லாபமில்லை.

தேவையான சாமான்கள்

ஒரே அளவில், உள்பக்கம் வெள்ளையான மூன்று நான்கு கோப்பைகள், மூடுவதற்குச் சிறு தட்டுகள், வடிகட்டி, கடிகாரம், ஒரு தேக்கரண்டி. கோப்பை பீங்கானாகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். மெருகு பூசாத மண்பாத்திரம் பழைய மணத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். இவற்றோடு 0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும்.

தராசை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேக்கரண்டி கன அளவைத்தான் காட்டும். பொசுபொசுவென்று இருக்கும் கெமோமில் பூ ஒரு கரண்டிக்கு 1 கிராம்கூடத் தேறாமல் போகலாம். இறுக்கமாக உருட்டிய இலையோ அதே கரண்டியில் 3 கிராமைத் தொடும். கரண்டியால் அளந்துவிட்டு "இது வெறும் தண்ணீராக இருக்கிறது, அது கனமாக இருக்கிறது" என்று சொன்னால், நீங்கள் ஒப்பிட்டது கரண்டியைத்தான்.

தண்ணீர் எல்லாக் கோப்பைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீரில் கறுப்புத் தேநீரின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் படியும், மணமும் மங்கும். காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீரிலும் தேநீர் உயிரில்லாமல் போய்விடும். நடுத்தரமான, வாடையில்லாத குடிநீர் போதும்.

படி 1: மாதிரியை ஒழுங்காக எடுப்பது

பலரும் கவனிக்காத இடம் இது. கலவைத் தேயிலையில் கனமான துண்டுகள் அடியில் இறங்கிவிடும், இதழ்கள் மேலே நிற்கும், தூள் மூலையில் ஒதுங்கும். மேலாக அள்ளினால் இன்றைக்கு ஒரு ருசி, டப்பா தீரும் நாளில் வேறு ருசி. பொட்டலத்தை மெதுவாகப் புரட்டிவிட்டு, கொஞ்சத்தைத் தட்டில் கொட்டி, அதில் எல்லாப் பொருளும் விகிதமாக வரும்படி எடுங்கள். பெரிய பட்டைத் துண்டு ஒன்று ஒரே கோப்பையில் விழுந்தால் அந்தக் கோப்பையின் கதை முடிந்தது.

படி 2: அளவு, சூடு, நேரம்

தேயிலைத் துறையில் இதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது: ஐஎஸ்ஓ 3103. முதலில் 1980-ல் வெளியானது, 2019-ல் திருத்தப்பட்டது. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம் என்பது அதன் சாரம். இதே விஷயத்தைச் சொல்லும் பிரிட்டிஷ் தரநிலை ஆறு பக்கம் நீண்டதற்காக 1999-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசையும் வாங்கியது. சிரிக்கலாம்தான், ஆனால் அந்த முறையின் நோக்கம் சுவையான டீ போடுவது கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி ஊறவைத்தால்தான் குறையும் நிறையும் ஒரே அளவுகோலில் தெரியும் என்பதே.

வீட்டில் அவ்வளவு கடுமையாக வேண்டாம். 150 மில்லிக்கு 2 கிராம் என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி, 2 நிமிடம். வெள்ளைக்கு 80-85 டிகிரி, 3 நிமிடம். ஊலாங்குக்கு 90 டிகிரியை ஒட்டி, 3 நிமிடம். கறுப்புக்குக் கொதிநீர், 3 அல்லது 4 நிமிடம். மூலிகைக்குக் கொதிநீர்தான்: இலை, பூ என்றால் 5 நிமிடம், சுக்கு, பட்டை போன்ற வேர், மரத்தோல் வகை என்றால் 8 முதல் 10 நிமிடம். ஊறும்போது கோப்பையை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். வெப்பமானி இல்லாவிட்டால், கொதித்த தண்ணீரைச் சூடேறாத ஒரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். நேரம் ஆனதும் இலையை வடித்துவிட வேண்டும், கோப்பையிலேயே விட்டுவைத்தால் ருசி ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு பச்சைத் தேயிலைகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே நேரம். பச்சையையும் கெமோமிலையும் பக்கத்தில் வைப்பதானால் அதற்கதற்கு உரிய நேரம் கொடுங்கள். ஆனால் அப்போது "எது மேல்" என்ற கேள்விக்கு அர்த்தமில்லை, "எது எப்படி" என்று மட்டும் பாருங்கள்.

சுக்கு கலந்த பச்சைத் தேயிலை போன்ற கலவைகள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். சுக்கின் காரம் இறங்குவதற்கு முன்பே பச்சை இலை கசக்க ஆரம்பித்துவிடும். தயாரிப்பவர் சுக்கை எவ்வளவு பொடியாக நறுக்கியிருக்கிறார் என்பதில் அவருடைய புத்தி தெரியும். பெரிய கட்டிகளாகக் கிடந்தால், பெரும்பாலும் அது பார்வைக்குத்தான்.

படி 3: எதை முதலில், எதைக் கடைசியில்

மென்மையிலிருந்து வலிமைக்கு. வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு என்று தொடங்கி, கெமோமில், ரூயிபோஸ், ஹிபிஸ்கஸ், அப்புறம் மசாலா, புகை. புதினாவும் அதிமதுரமும் எப்போதும் கடைசி. புதினாவிலுள்ள மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது; அடுத்த கோப்பைக்கு வாய் பழைய நிலைக்கு வர நேரமாகும். அதிமதுரத்தின் கிளிசிரைசின் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பானது, அந்த இனிப்பு தொண்டையை விட்டு லேசில் இறங்காது. கலவைகளில் இதை மறைவாகக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம் என்பதால், சர்க்கரையே போடாத தேநீர் விழுங்கிய பிறகும் தித்தித்தால் பொருள் பட்டியலில் அதிமதுரமோ ஸ்டீவியா இலையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு அமர்வுக்கு மூன்று அல்லது நான்கு கோப்பைக்கு மேல் வேண்டாம். தொழில்முறையில் ருசிபார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். நீங்களும் துப்பலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 4: முகர்ந்து, உறிஞ்சி, கவனித்து

மூன்று முறை முகருங்கள்: உலர்ந்த இலையை, வடித்தபின் ஊறிய இலையை, கடைசியில் வடித்த தேநீரை. மூன்றிலும் ஒரே மணம் தொடர்ந்து வந்தால் நல்ல அறிகுறி. உலர்ந்த இலையில் ஆளைத் தூக்கி, ஊறிய இலையில் காணாமல் போய்விட்டால் அது மேல்பூச்சு.

உடனே வாயில் வைக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேலான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் மிகச் சூடான பானங்களைப் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற வகையில் வைத்தது. அது ஒருபுறம் இருக்க, கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் ருசியும் தெரியாது. வெதுவெதுப்பைத் தாண்டிய, நாக்கு பொறுக்கும் சூட்டில் தொடங்குங்கள். தேக்கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து தேநீர் வாய் முழுக்கத் தெறித்துப் பரவும், ஆவி பின்வழியாக மூக்குக்கு ஏறும்.

அந்தப் பின்வழிதான் முக்கியம். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் ருசி); மல்லிகை, வனிலா, பீச் எல்லாம் மூக்கின் கணக்கு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வனிலா கலந்த ரூயிபோஸை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். லேசான இனிப்பும் கொஞ்சம் துவர்ப்பும்தான் தெரியும். விரலை எடுத்த நொடியில் வனிலா வந்துவிடும். பொத்திக்கொண்டு குடித்தபோது கிடைத்தது அடித்தளம், எடுத்தபின் வந்தது மணம். எந்த வாசனைத் தேநீரையும் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பழத் தேநீர் ஏன் இனிக்கும் என்று நினைக்கவைத்துப் புளிக்கிறது என்பதும் இதில் விளங்கிவிடும்: இனிப்போடு சேர்த்தே பழகிய மணம் என்பதால் மூளை இனிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, ஹிபிஸ்கஸின் அமிலமோ நாக்கில் தன் வேலையைச் செய்கிறது.

துவர்ப்பைக் கசப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அறுசுவையில் ஒன்றாக எண்ணியே நாம் பழகியிருந்தாலும், துவர்ப்பில் தொடுவுணர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. தேயிலையின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கிறது. கசப்பு நாக்கில் தெரியும், துவர்ப்பு வாய் முழுக்க. தொல்லை என்னவென்றால் துவர்ப்பு கோப்பைக்குக் கோப்பை கூடிக்கொண்டே போகும். நான்காவதாக வந்த பாவத்துக்கு நான்காவது தேநீர் கெட்ட பெயர் வாங்கும். நடுவே தண்ணீர் குடியுங்கள், உப்பில்லாத பிஸ்கட் ஒரு கடி கடியுங்கள், இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் தலைகீழ் வரிசையில் மறுபடி ஒரு வாய் பார்ப்பது இன்னும் நல்லது.

கோப்பை ஆறியபின் திரும்ப வாருங்கள். சூட்டில் மறைந்திருந்த குறைகள் ஆறினால் வெளியே வரும்: செயற்கை வாசனை சிலவற்றில் சோப்பு மாதிரி ஒரு வாடை, பழைய இலையில் அட்டைப்பெட்டி மணம்.

படி 5: ஒப்பிடுவது

முதல் ஒப்பீடாக இதைச் செய்யுங்கள்: மணமேற்றிய தேயிலை ஒன்று, அதற்குப் பக்கத்தில் மணமேற்றாத அதே வகைத் தேயிலை ஒன்று. ஏர்ல் கிரேக்கு வெறும் கறுப்புத் தேயிலை, மல்லிகைக்கு வெறும் பச்சை. வாசனைக்கு அடியில் தேயிலை உயிரோடு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். சுமாரான இலையை மறைக்கத் தூக்கலாக வாசனை போடுவது எளிது. பெர்கமோட்டுக்குக் கீழே கறுப்புத் தேயிலையின் கனமும் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. வாசனைதான் முக்கியம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை.

அடுத்து, அதே இலையில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றுங்கள், முதல் முறையைவிட ஒரு நிமிடம் கூடுதலாக. தெளித்த வாசனை பெரும்பாலும் முதல் நீரிலேயே கழன்று போய்விடும். பூவோடு பல இரவுகள் கிடந்த மல்லிகை இலை இரண்டாம் நீரிலும் மணக்கும். பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

அப்புறம், ஒரே வாசனையை இரண்டு தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கி ஒப்பிடலாம். இங்கேதான் பெயரும் விலையும் டப்பாவின் அழகும் தீர்ப்பில் தலையிடும். ஆகவே கண்ணை விலக்கிவிடுங்கள். இன்னொருவரை மூன்று கோப்பை ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் மற்றது, கோப்பையின் அடியில் அடையாளம். நிறம் காட்டிக்கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எது தனி ஆள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம், மூன்றில் ஒரு வாய்ப்பு. மூன்று சுற்றும் தொடர்ந்து குத்துமதிப்பில் சரியாக வருவதற்கு 27-ல் ஒரு வாய்ப்புதான். கண்டுபிடிக்க முடியவில்லையா? சரி, விலை குறைந்ததை நிம்மதியாக வாங்குங்கள்.

புள்ளியியலின் பிரபலமான சோதனை ஒன்றே டீக்கோப்பையில் பிறந்தது. 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், பாசி ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டல், பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்று தனக்குக் குடித்தாலே தெரியும் என்றார். அங்கிருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதிக்க வகுத்த திட்டத்தில் 8 கோப்பைகள், நான்கு இப்படி, நான்கு அப்படி, கலைத்து வைத்தவை. ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகப் பிரிக்க 70-ல் ஒரு வாய்ப்பே உண்டு. கலைத்து வைப்பது, வாய்ப்பைக் கணக்கிடுவது என்ற அதே இரண்டு வேலைதான் உங்கள் மூன்று கோப்பையிலும் நடக்கிறது.

எழுதி வைப்பது

பெயர், தேதி, அளவு, சூடு, நேரம், உங்கள் கருத்து. இவ்வளவு போதும். "நன்றாக இருந்தது" என்று எழுதினால் அடுத்த மாதம் அது எதற்கும் உதவாது. "முதலில் எலுமிச்சைத் தோல், நடுவில் ஒன்றுமில்லை, கடைசியில் கன்னம் இழுக்கிறது" என்று எழுதினால் உதவும். அலங்காரச் சொற்களைத் தேடி அலைய வேண்டாம், மழைக்குப் பிந்தைய மண், ஈரத்துணி, மருந்துக்கடை என்று உங்களுக்குத் தோன்றுவதை அப்படியே போடுங்கள். மற்றவர் சொல்வதைக் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள், "பிளம் மாதிரி இல்லை?" என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் எல்லோருக்கும் பிளம்தான்.

பால், சர்க்கரை, எச்சரிக்கை

முதல் சுற்று எதுவும் சேர்க்காமல். தினமும் பாலோடு குடிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாம் சுற்றைப் பாலோடு வையுங்கள், வெறுமையில் தோற்ற தேயிலை பாலில் ஜெயிப்பது சகஜம். ஹிபிஸ்கஸ் உள்ள எதிலும் பால் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று அர்த்தமாகாது. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ஹிபிஸ்கஸ் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பதால் அதற்கு மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். டெய்சி, ராக்வீட் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்குக் கெமோமிலும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் புது மூலிகையைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்டுவிடட்டும்.

மிஞ்சிய மாதிரிகளைக் காற்றுப் புகாத, ஒளி படாத டப்பாக்களில் தனித்தனியாக வையுங்கள். தேயிலை பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும். புதினாவையும் லாப்சாங்கையும் ஒரே பெட்டியில் மற்றவற்றோடு போட்டால் சில வாரங்களில் எல்லாமே அரைகுறையாகப் புதினாவும் புகையுமாக மாறிவிடும். டப்பாவின் மேல் திறந்த தேதியையும் எழுதுங்கள். தெளித்த வாசனைதான் முதலில் மங்கும், ஆகவே அவற்றை முன்னால் குடித்துத் தீர்ப்பது நல்லது.